நீங்கள் ஒன்பது, அவர் ஐந்து

வாசகர் கடிதம்: எனக்கு வயது 58, என் மனைவிக்கு 53. திருச்சியில் வசிக்கிறோம். பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த திருமணம். 29 ஆண்டுகள் ஆகின்றன. மகளும் மகனும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். சென்ற மாதம் விடுமுறைக்கு வந்த மகள், கைப்பேசியில் இருந்த ஏதோ ஒரு கேள்விப்பட்டியலைப் படித்து, “உங்கள் மணவாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்?” என்று விளையாட்டாகக் கேட்டாள். நான் யோசிக்காமல் ஒன்பது என்றேன். என் மனைவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஐந்து என்றாள். நாங்கள் சிரித்ததும், “அதுவே கொஞ்சம் கூடத்தான் சொன்னேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. அவளைக் கைநீட்டி அடித்ததில்லை. சம்பளத்தை அப்படியே அவள் கையில்தான் கொடுத்திருக்கிறேன். எங்களுக்குள் பெரிய சண்டையே வந்ததில்லை. என் தாயார் எங்களோடு 11 ஆண்டுகள் இருந்தார். கடைசி 3 ஆண்டுகள் படுத்த படுக்கை. என் மனைவி பெற்ற மகளைப் போலப் பார்த்துக்கொண்டாள். பெரியவர்கள் செய்துவைக்கும் திருமணம் நாள் போகப் போக இனிக்கும் என்பார்களே, எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி? இது மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் மனக்குழப்பமா? அல்லது பெண்களுக்கே எதிலும் திருப்தி வராதா? இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெறப் போகிறேன். அதற்குள் இதைச் சரிசெய்ய முடியுமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தில் அந்த இரண்டு எண்களைக் காட்டிலும் என் கவனத்தை இழுத்தது வேறொன்று. நீங்கள் யோசிக்காமல் சொன்னீர்கள். அவர் யோசித்துச் சொன்னார். யோசித்த அந்தச் சில நொடிகளில் அவர் எந்தெந்த ஆண்டுகளுக்குப் போய்விட்டுத் திரும்பினார் என்பதுதான் நீங்கள் தேடவேண்டிய விடை. அதற்குப் போவதற்கு முன், நீங்கள் கேட்ட மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அவற்றுள் இரண்டு கேள்விகள், உங்களை அறியாமலே, அந்த விடையைத் தேடாமல் தப்பித்துக்கொள்ள வழி செய்பவை.

பெண்களுக்கு எதிலும் திருப்தி வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். ஒவ்வொரு திருமணத்துக்குள்ளும் கணவனின் திருமணம், மனைவியின் திருமணம் என இரண்டு இருக்கின்றன என்றும், இவற்றில் கணவனுடையதே மேலானது என்றும் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜெஸ்ஸி பெர்னார்ட் 1972இல் எழுதியபோது பெரும் விவாதம் எழுந்தது. அதன்பின் வந்த ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி, 226 மாதிரிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விடைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு 2014இல் வெளிவந்தது. கணவர்களைவிட மனைவியர் சற்றே குறைவாக நிறைவடைகிறார்கள் என்று அதில் தெரிந்தாலும், அந்த வேறுபாடு மிகச் சிறியது. அதுவும் பெருமளவு, இல்லறச் சிக்கலுக்காக ஆலோசனை தேடி வந்த தம்பதியரால் ஏற்பட்டது. அவர்களை விலக்கிவிட்டுப் பொதுவான தம்பதியரை மட்டும் எடுத்துக்கொண்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஆகவே பெண்ணாகப் பிறந்ததாலேயே ஒருவர் குறைத்து மதிப்பெண் போடுகிறார் என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் மனைவி ஐந்து என்று சொன்னதற்குக் காரணம் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலை நாட்டுத் தம்பதியரைப் பற்றியவை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் திருமணத்தன்று வீடு மாறுபவள் பெண். மாமியார், மாமனார், நாத்தனார் என்ற உறவுகளுக்குள் போய்ப் பொருந்திக்கொள்ள வேண்டியவளும் அவளே. அன்றாட உழைப்பின் கணக்கும் சமமாக இல்லை. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டார்கள்; அத்தகைய வேலையில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். அந்த 97 நிமிடங்கள்கூட ஏதோ ஒரு வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரிதான், அத்தகையோர் நூற்றுக்கு 26 பேர் மட்டுமே. இந்தக் கணக்கைக் காட்டி உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. ஒரே கூரையின் கீழ் இருவர் வாழ்ந்தாலும் இருவருடைய நாளும் ஒன்றல்ல என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன்.

நாள் போகப் போக இனிக்கும் என்ற நம்பிக்கைக்கு வருவோம். இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது, 1982இல் ஜெய்ப்பூரில் 50 தம்பதியரை வைத்து உஷா குப்தா, புஷ்பா சிங் ஆகியோர் செய்த ஆய்வு. காதல் மணம் செய்தவர்களின் அன்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்ததாகவும், பெற்றோர் செய்துவைத்த மணத்தில் அது கூடியதாகவும் அதில் தெரிந்தது. ஆனால் 50 தம்பதியரின் விடைகளைக் கொண்டு ஒரு நாட்டின் திருமண முறைக்கே நற்சான்று வழங்கிவிட முடியாது. அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளியினரிடம் 2012இல் நடத்தப்பட்ட மற்றொரு சிறிய ஆய்வில் இருவகைத் திருமணங்களுக்கும் இடையே அன்பிலும் நிறைவிலும் வேறுபாடே காணப்படவில்லை. ஊறுகாயைப் போலத் திருமணமும் ஜாடியில் தானாக ஊறிச் சுவை கூடும் என்ற எண்ணம் நமக்கு வசதியானது என்பதால்தான் இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

காலப்போக்கில் மணநிறைவு எப்படி மாறுகிறது என்பதிலும் ஒரு பழைய படம் உண்டு. தொடக்கத்தில் உயரமாக இருந்து, பிள்ளைகள் வளரும் காலத்தில் தாழ்ந்து, அவர்கள் வீட்டைவிட்டுப் போனபின் மறுபடி ஏறும் வளைவு அது. 1970ஆம் ஆண்டையொட்டி வந்த ஆய்வுகள் இதைப் பிரபலமாக்கின. ஆனால் அவை ஒரே தம்பதியரைத் தொடர்ந்து பின்பற்றாமல், வெவ்வேறு பருவங்களில் இருந்த வெவ்வேறு தம்பதியரை ஒரே நேரத்தில் கேட்டவை. பொருந்தாமல் பிரிந்துவிட்டவர்கள் முதுமைப் பருவத்தின் கணக்கில் இருக்கவே மாட்டார்கள் என்பதால் கடைசிப் பகுதி இயல்பாகவே உயரமாகத் தெரியும். அதே தம்பதியரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் அந்த ஏற்றம் காணப்படவில்லை. 2021இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. வயதை வைத்துப் பார்த்தால் உறவில் நிறைவு 20 வயதிலிருந்து குறைந்துகொண்டே போய், 40இல் அடித்தளத்தைத் தொட்டு, 65 வரை ஏறுகிறது. உறவின் ஆண்டுகளை வைத்துப் பார்த்தாலோ, முதல் 10 ஆண்டுகள் இறங்கி, 20ஆம் ஆண்டு வரை ஏறி, பிறகு மறுபடி இறங்குகிறது. உங்கள் மனைவிக்கு வயது 53, உங்கள் திருமணத்துக்கு வயது 29. ஒரு வளைவின்படி அவர் ஏறுமுகத்தில் இருக்க வேண்டும். மற்றொன்றின்படி இறங்குமுகத்தில் இருக்க வேண்டும். சராசரியைக் கொண்டு ஒரு வீட்டுக்குச் சோதிடம் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மாதவிடாய் நிற்கும் பருவத்தைப் பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். அந்த ஆண்டுகளில் உறக்கம் கெடலாம், உடல் திடீரெனச் சூடேறி வியர்க்கலாம், எரிச்சலும் சோர்வும் வரலாம். அவருக்கு அப்படி இருந்தால் மகளிர் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஆனால் அவர் சொன்ன ஒரு கருத்துக்கு நீங்கள் நோய்ப்பெயர் சூட்டாதீர்கள். “இந்த வயசுல அப்படித்தான் தோணும்” என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள், ஐந்து அன்றைக்கே நான்காகிவிடும்.

என் ஆலோசனை அறையில் நீண்ட காலம் மணவாழ்வு நடத்திய தம்பதியரிடம் நான் செய்யச் சொல்லும் ஒன்று உண்டு. இருவரிடமும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அடியில் திருமணமான ஆண்டு முதல் இன்றுவரை குறித்து, எந்தெந்த ஆண்டில் மனநிறைவு எவ்வளவு இருந்தது என்று ஒரு கோடு வரையச் சொல்வேன். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு தம்பதியின் தாள்கள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். கணவருடைய கோட்டில் நடுவே ஒரு மலை எழுந்து நின்றது. மனைவியின் கோட்டில் அதே இரண்டு ஆண்டுகளில் ஒரு பள்ளம். அது அவர்கள் சொந்த வீடு கட்டிய காலம். “வாழ்க்கையிலேயே நல்ல வருஷம் அதுதானே” என்றார் அவர். அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார்: தாலிக்கொடி தவிர எல்லா நகையும் அடகுக் கடையில் இருந்தது, வாடகையை மிச்சப்படுத்துவதற்காகப் பூசாத ஓர் அறையில் இரண்டு குழந்தைகளோடு குடியிருந்தார்கள், அவர் வேலைக்குப் போனபின், எழுப்பிய சுவர்களுக்குக் காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது அந்த அம்மாதான், அப்போது கைக்குழந்தைக்கு இழுப்பு. “நல்ல வருஷம்தான், உங்களுக்கு” என்று சொல்லி முடித்தார். இத்தனைக்கும் அந்தக் கணவர் பொல்லாதவர் அல்லர். கிரகப்பிரவேசத்தன்று வாசலில் நின்று உறவினர்களை வரவேற்ற நாள் அவருடைய நினைவில் தங்கிவிட்டது; அந்த அம்மாவின் நினைவில் தங்கியது குடம். அவ்வளவுதான்.

நினைவிலிருந்து வரையும் கோடு நீதிமன்றச் சாட்சியம் போன்றதன்று. இன்றைய மனநிலை பழைய ஆண்டுகளின் மீது தன் நிறத்தைப் பூசிவிடும். இருந்தாலும் எங்கே பேச்சைத் தொடங்க வேண்டும் என்பதை அது காட்டிவிடுகிறது. உங்கள் விஷயத்தில் தாளும் கோடும் இல்லாமலே எனக்கு ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். உங்கள் தாயார் 3 ஆண்டுகள் படுக்கையில் இருந்ததையும் உங்கள் மனைவி பார்த்துக்கொண்டதையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், பெருமையோடுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரவுகள் இருக்கின்றன. படுக்கைப்புண் வராமல் இரவில் புரட்டிப் படுக்க வைத்தது யார், விரிப்புகளைத் துவைத்தது யார், அந்த ஆண்டுகளில் தம் பிறந்த வீட்டு விசேஷங்களில் எத்தனைக்கு அவரால் போக முடிந்தது, அவருடைய சொந்தத் தாய்க்கு உடம்பு முடியாதபோது போய் நான்கு நாள் தங்க முடிந்ததா என்பவையெல்லாம் உங்கள் கடிதத்தில் இல்லை. நான் ஊகித்துத்தான் சொல்கிறேன்; என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். அவருடைய பள்ளம் வேறோர் ஆண்டிலும் இருக்கக்கூடும். ஆனால் நீங்கள் சொன்ன ஒன்பதில் அந்த மூன்று ஆண்டுகள் கணக்கில் வரவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

உங்களைப் பற்றிச் சொன்னவற்றையும் கவனியுங்கள். குடிப்பதில்லை, அடித்ததில்லை, சம்பளத்தைக் கொடுத்துவிட்டேன். இவை நல்ல குணங்கள். பல வீடுகளில் கிடைக்காதவை. எனினும் இவற்றுள் முதல் இரண்டும், ஒருவர் செய்யாமல் விட்ட தீமைகளின் பட்டியல். அவருக்கு எது பிடிக்கும், எதற்காக அவர் சிரிப்பார், எதை விட்டுக்கொடுத்தார் என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

சண்டையே வந்ததில்லை என்பதையும் நான் உங்களைப் போல நற்செய்தியாக எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், கிறிஸ்டோபர் ஹீவி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990இல் தம்பதியரின் உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். மனைவி மாற்றம் விரும்பிய விஷயத்தைப் பேசியபோது அவர் வலியுறுத்த, கணவர் பேச்சிலிருந்து விலகிப்போவது மிகுதியாகத் தெரிந்தது. கணவர் மாற்றம் விரும்பிய விஷயத்தில் அந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிட்டது. அதாவது “தொணதொணப்பு” என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பெரும்பகுதி, யாருக்கு மாற்றம் தேவைப்படுகிறது என்பதைப் பொறுத்தது. என் அனுபவத்தில், வலியுறுத்தி வலியுறுத்திப் பலன் காணாதவர்கள் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். வீடு அமைதியாகிவிடுகிறது. கணவர் அந்த அமைதிக்கு ஒன்பது கொடுக்கிறார். உங்கள் வீட்டில் முதல் பத்தாண்டுகளில் அவர் எதையாவது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்து, பிறகு கேட்காமல் விட்டாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்படி விட்டவர் மகளின் விளையாட்டுக் கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்றால், அதை நான் நம்பிக்கை தரும் அறிகுறியாகவே பார்ப்பேன். முற்றிலும் கைவிட்டவர்கள் எட்டு என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார்கள்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். “உனக்கு என்ன குறை வைத்தேன்?” என்று கேட்காதீர்கள். அது கேள்வி போல ஒலித்தாலும், ஒரு குறையும் இல்லை என்ற ஒரே பதிலுக்குத்தான் அதில் இடம் உண்டு. மகளைத் தூது அனுப்பாதீர்கள். பட்டுப்புடவை, வளையல், காசி யாத்திரை என்று கிளம்பாதீர்கள். அவை பின்னால் வரட்டும், இப்போது வந்தால் வாயடைக்கக் கொடுத்ததாகத் தோன்றும். இருவரும் ஓய்வாக இருக்கும் ஒரு மாலையில், “அன்னைக்கு நீ அஞ்சுன்னு சொன்னது மனசுலயே இருக்கு. எந்த வருஷம் உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?” என்று மட்டும் கேளுங்கள். ஆண்டைக் கேட்பதில் ஒரு நன்மை உண்டு: அவர் உங்கள்மீது குற்றம் சாட்ட வேண்டியதில்லை, நடந்ததைச் சொன்னால் போதும். சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். “அப்ப எனக்கும் ஆபீஸ்ல எவ்வளவு நெருக்கடி தெரியுமா” என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வரும்; அது உண்மையாகவும் இருக்கும்; அன்றைக்கு அதை விழுங்கிவிடுங்கள். “ஒண்ணுமில்ல, விடுங்க” என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். 29 ஆண்டுகளாகக் கேட்கப்படாத கேள்வியை அவர் முதல் முறையிலேயே நம்பிவிட மாட்டார்.

ஓய்வு பெறப் போவதைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதினீர்கள். எனக்கு அதில்தான் அக்கறை அதிகம். பகல் முழுவதும் வீடு இதுவரை அவருடையதாக இருந்திருக்கிறது. ஓய்வுபெற்ற முதல் மாதத்திலேயே பருப்பு டப்பாக்களை வேறு தட்டுக்கு மாற்றி அடுக்கிவைத்து, “இப்படி வச்சா கைக்கு எட்டும்” என்று விளக்கிய கணவரால் மனைவி என்னிடம் வந்து அழுத கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவர்கள் உதவி செய்வதாகத்தான் நினைத்தார்கள். அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவியர் நூற்றுக்கு மேற்பட்டோரை, அவர்களது 40களிலிருந்து 60களின் தொடக்கம் வரை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. நடு வயதில் அவர்களுடைய மணநிறைவு கூடியது; பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போனவர்களுக்கு இன்னும் கூடியது. கணவரோடு கழிக்கும் நேரம் கூடியதால் அது நேரவில்லை. கழித்த நேரம் இனிமையாக இருந்ததால் நேர்ந்தது. இருபத்துநான்கு மணி நேரமும் கூடவே இருக்கப் போகிறேன் என்பது உங்களுக்கு வரமாகத் தோன்றலாம், அவருக்கும் அப்படித் தோன்றும் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் தனக்கென வைத்திருக்கும் பொழுதுகள் எவை என்று இப்போதே கேட்டறிந்து, அவற்றில் தலையிடாமல் இருங்கள்.

ஓய்வு பெறும்வரை காத்திராமல், வீட்டு வேலைகளில் ஒன்றை முழுதாக உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். உதவுவதைச் சொல்லவில்லை. இட்லி மாவு உங்கள் பொறுப்பு என்றால், அரிசி தீரப்போவதைக் கவனிப்பது, உளுந்து வாங்குவது, ஊறப்போடுவது, அரைப்பது, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்ப்பது, புளித்ததும் குளிர்பதனப் பெட்டியில் எடுத்து வைப்பது எல்லாம் உங்களுடையவை. “உளுந்து எங்க இருக்கு?” என்று அவரைக் கேட்டால் வேலை இன்னும் அவர் தலையில்தான் இருக்கிறது. மாவு முதல் இரண்டு வாரம் சரியாக வராது. அவர் அதைப் பற்றி ஏதாவது சொல்வார்; சொல்லட்டும்.

இவ்வளவும் செய்தபின் ஐந்து ஒன்பதாகிவிடுமா என்றால், என்னால் உறுதி சொல்ல இயலாது. போன ஆண்டுகளை யாரும் திருத்தி எழுத முடியாது. அவற்றை நீங்களும் பார்த்துவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரிவதே பெரிய மாற்றம். பேசத் தொடங்கியபின் அவர் நாள்கணக்கில் உறங்காமல் இருந்தாலோ, எதிலும் நாட்டமின்றி ஒடுங்கிப்போனாலோ, அல்லது பேச்சு ஒவ்வொரு முறையும் காயத்தில் முடிந்தாலோ, இருவரும் சேர்ந்து ஒரு குடும்பநல ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். அவரை மட்டும் அனுப்பாதீர்கள்.

அவர் பேச முன்வந்தால், “நீங்க எதுக்கு ஒன்பது கொடுத்தீங்க?” என்று உங்களையும் கேட்கக்கூடும். “எல்லாம் நல்லாத்தானே போகுது” என்பது அதற்குப் பதிலாகாது. அந்த மாலைக்கு முன்பாக ஒரு தாளை எடுத்து, ஒன்பதில் ஒவ்வொரு மதிப்பெண்ணும் எந்த ஆண்டில், அவர் செய்த எதற்காக வந்தது என்று உங்கள் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.